சோற்றை விட்ட ஓரகத்திகள்

போன மாதம் கவிதா எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். ஜவ்வாது மலைமேல் உள்ள ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் உணவு ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றபோது என் இடத்துக்கு வந்தவள் அவள்.

"மேடம், மாவுச்சத்தைக் குறைச்சு சாப்பிடறவங்க கலோரி எண்ணணுமா, வேணாமா? ஓ.பி.யில தினம் யாராச்சும் கேக்கறாங்க. செவுத்துல ஒரு வரி எழுதி ஒட்டலாம்னு இருக்கேன். நீங்க சொன்னா சரியா இருக்கும்."

ஒரு வரிதானே என்று உடனே பதில் அடிக்க உட்கார்ந்தேன். 'கட்டாயம் எண்ண வேண்டும்' என்று அடித்தேன். பிறகு பச்சையம்மாவின் முகம் ஞாபகம் வந்தது. அழித்துவிட்டு, 'எண்ணத் தேவையில்லை, மாவுச்சத்தைக் குறைத்தாலே போதும்' என்று அடித்தேன். இப்போது சகுந்தலா ஞாபகத்துக்கு வந்தாள். அதையும் அழித்தேன். அடுப்பில் வைத்திருந்த தோசைக்கல் காய்ந்து புகைய ஆரம்பித்துவிட்டது. எழுந்து போய் அடுப்பை அணைத்தேன். அன்றைக்கு அவளுக்குப் பதில் போகவில்லை. வேலைக் காலம் முழுக்க மற்றவர்களுக்கு எவ்வளவு சாப்பிடுவது என்று சொன்ன ஒருத்திக்கு இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்றால் நம்புவார்களா என்று எனக்கே சந்தேகம்தான். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கணியம்பாடி. படித்து முடித்ததும் வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் உணவுப் பிரிவில் சேர்ந்தேன். முதல் சில வருஷங்கள் சமையல் கூடத்திலேயே போய்விட்டன. உப்பில்லாத சாம்பாரும் மூக்கு வழியாகக் குழாயில் விடும் கஞ்சியும்தான் என் உலகம். அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் தலைமை அதிகாரி சுலோச்சனா மேடத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. நோயாளி கட்டிலில் உட்கார்ந்திருந்தால் இவர் அதைவிடத் தாழ்வான ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். எங்களைத் திட்ட வேண்டியிருந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். அதைப் பார்த்தாலே நாங்கள் எழுதியதைத் திரும்பச் சரிபார்க்க ஓடுவோம்.

ஒருவர் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டு அறிவதை அவர் ஒரு வித்தையாகவே வைத்திருந்தார். "நேத்து இன்னா சாப்டீங்கன்னு நேரா கேக்காத. கேட்டா, சாப்பிட்டிருக்க வேண்டியத சொல்லுவாங்க. சாப்பிட்டத சொல்ல மாட்டாங்க" என்பார். எழுந்ததும் என்ன செய்தீர்கள் என்று தொடங்க வேண்டும். பல் தேய்த்தேன், பால் கறந்தேன், டீ போட்டேன் என்று வேலைகள் வரிசையாக வரும். வேலைகளுக்கு நடுவிலிருந்து சாப்பாடு தானாக வெளியே வரும். எங்களிடம் டம்ளர், கரண்டி, கிண்ணம் எல்லாம் ஒரு பையில் இருக்கும். அவற்றை எடுத்து மேசைமேல் பரப்பி, "உங்க வூட்டு டம்ளர் இதவிட பெருசா, சின்னதா?" என்று கேட்க வேண்டும். தோசையைக் கையால் வட்டம் போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். எண்ணெய் எவ்வளவு ஊற்றுவீர்கள் என்று எந்தப் பெண்ணிடமும் கேட்கக் கூடாது. ஒரு லிட்டர் வாங்கினால் எத்தனை நாள் வரும், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் போதும், வகுத்துக்கொள்ளலாம். முக்கியமான விஷயம் நம் முகம். மூன்றாவது வடை என்று அவர்கள் சொல்லும்போது நம் புருவம் ஏறினால் நான்காவது வடை வெளியே வரவே வராது.

இப்படிக் கேட்டதையெல்லாம் கலோரியாக மாற்றிக் கூட்டுவோம். சுலோச்சனா மேடத்துக்கு அதில் கொஞ்சமும் சந்தேகம் கிடையாது. "அரிசியோ, கேவுரு களியோ, நெய்யோ, எது வேணா இருக்கட்டும். உள்ள போறது ஜாஸ்தியா இருந்தா ஒடம்பு ஏறும், கம்மியா இருந்தா எளைக்கும்" என்பார். நானும் அப்படியே நம்பினேன். நம்பி எத்தனையோ பேருக்கு அளவு எழுதிக் கொடுத்தேன். சிலர் இளைத்தார்கள். இளைக்காதவர்களைப் பற்றி, அவர்கள் நம்மிடம் உண்மையைச் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்வோம். அப்படி எடுத்துக்கொள்வதுதான் எங்களுக்கும் வசதியாக இருந்தது.

பிறகு எல்லார் கையிலும் ஃபோன் வந்தது. சோற்றை விட்டவர்கள் வர ஆரம்பித்தார்கள். முட்டை, கறி, நெய், கடலை எல்லாவற்றையும் வயிறு நிறையச் சாப்பிடுகிறேன், எதையும் எண்ணுவதில்லை, ஆனாலும் இளைத்துவிட்டேன் என்றார்கள். எடை மிஷினில் ஏற்றிப் பார்த்தால் உண்மையாகவே இளைத்திருந்தார்கள். எங்கள் டாக்டர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசிக்கொண்டார்கள். மாவுச்சத்து குறைந்தால் பசியே அடங்கிவிடுகிறது, அதனால் தானாகக் குறைத்துச் சாப்பிடுகிறார்கள், அப்படியென்றால் அதுவும் கலோரிக் கணக்குதான் என்று ஒரு கட்சி. உடம்புக்குள் நடக்கிற வேலையே மாறிவிடுகிறது, எண்ணுவது வீண் என்று இன்னொரு கட்சி. நான் இரண்டு பக்கமும் தலையை ஆட்டிவிட்டு என் மேசைக்குத் திரும்பிவிடுவேன்.

அந்தக் குழப்பத்தோடுதான் கடைசி சில வருஷங்களுக்கு மலைக்கு வந்தேன். கணவர் போன பிறகு வேலூர் வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை. மலை ஆஸ்பத்திரியில் ஆள் வேண்டும் என்றார்கள், சரி என்று வந்துவிட்டேன். இங்கே என்னை 'சாப்பாட்டு மேடம்' என்று கூப்பிட்டார்கள். வேலை விநோதமாக இருந்தது. காலையில் எலும்பும் தோலுமாக ஒரு கர்ப்பிணி வருவாள். தினமும் ஒரு கை வேர்க்கடலை சேர்த்துச் சாப்பிடம்மா என்பேன். மத்தியானம் சர்க்கரை நோயோடு கனத்த உடம்புக்காரி ஒருத்தி வருவாள். கடலையைக் குறைத்துக்கொள் என்பேன். இரண்டு பேரும் ஒரே ஊர்க்காரர்களாக இருப்பார்கள். வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒருத்தியிடம் ஒருத்தி கேட்டுக்கொள்வார்கள். "இன்னா மேடம், எனக்கு ஒண்ணு சொல்றீங்க, அவளுக்கு ஒண்ணு சொல்றீங்க" என்று திரும்பி வந்து கேட்டவர்களும் உண்டு.

பச்சையம்மா எங்களிடம் வந்தது ஒரு முற்பகல் நேரத்தில். சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தவள் உடம்பு நடுங்கி, வேர்த்து, வரப்பிலேயே சாய்ந்துவிட்டாள். அவளுடைய கொழுந்தன் சேகர் ஜீப் ஓட்டுகிறவன். தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தான். சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. டாக்டர் கவனித்து, அவள் எழுந்து உட்கார்ந்த பிறகு என்னைக் கூப்பிட்டார். நான் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எழுந்ததும் என்ன செய்தீர்கள் என்று தொடங்கினேன்.

சோறு வரவேயில்லை. களியும் வரவில்லை. காலையில் முட்டை, மத்தியானம் கீரையும் கோழியும், இடையில் கடலை. ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் பழையபடி முழுசாகப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"ஏம்மா சோத்த விட்டீங்க? யாரு சொன்னாங்க?"

"எனக்கு யாரும் சொல்லல மேடம். என் ஓரகத்திக்குதான் சொன்னாங்க. அவ ஒருத்தி மட்டும் சோறு இல்லாம குந்தினு இருந்தா எனக்கு எப்டி எறங்கும்? அதான் நானும் விட்டுட்டேன்."

ஓரகத்தி சகுந்தலா கதவருகே நின்றுகொண்டிருந்தாள். சேகரின் மனைவி. அவளுக்குத் தொப்புள் பக்கம் குடல் இறங்கியிருந்தது. கீழே ஒரு ஆஸ்பத்திரியில் காட்டியதில், இந்த எடையில் தைத்தால் தையல் நிற்காது, இளைத்துக்கொண்டு வா, ஆபரேஷன் செய்கிறேன் என்று சர்ஜன் சொல்லியிருக்கிறார். சேகர் ஃபோனில் தேடி, சோற்றை விட்டால் போதும், எதையும் எண்ண வேண்டாம், வயிறு நிறையச் சாப்பிடலாம் என்று யாரோ பேசியதைப் பார்த்திருக்கிறான். அன்றைக்கே வீட்டில் சட்டம் போட்டுவிட்டான்.

டாக்டர் பச்சையம்மாவின் மாத்திரையை அப்போதே குறைத்தார். கவிதா, இந்த ஒரு வரியை மட்டும் நீ யோசிக்காமல் சுவரில் ஒட்டலாம்: மாத்திரை போடுகிறவர்கள் சோற்றை நிறுத்துவதற்கு முன்னால் டாக்டரிடம் மாத்திரையைக் காட்ட வேண்டும். எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது அது.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே எடை பார்க்க வந்தார்கள். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே சட்டியில் வெந்தது. பச்சையம்மா ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டே போனாள். ரவிக்கை தோளில் தொங்கியது. சர்க்கரையும் கட்டுக்குள் வந்தது. சகுந்தலா முதலில் கொஞ்சம் குறைந்தாள், பிறகு நின்றாள், பிறகு மெல்ல ஏறினாள். இளைக்க வேண்டியவள் ஏற, துணைக்குச் சேர்ந்தவள் இளைத்தாள். மிஷின் தப்போ என்று வேறு மிஷினிலும் ஏற்றிப் பார்த்தேன். மிஷினில் குறையில்லை.

சேகருக்கு இதில் குழப்பமே இல்லை. "இவ திருட்டுத்தனமா சோறு துன்றா மேடம். வேற இன்னா இருக்கு இதுல?" என்று என் எதிரிலேயே சொன்னான். "அரிசி டப்பாவுல கோடு போட்டு வெச்சிருக்கேன். எறங்கறத பாத்துனுதான் இருக்கேன்."

சகுந்தலா அவனைப் பார்க்கவில்லை. என்னிடம்தான் சொன்னாள். "வூட்ல எல்லாத்துக்கும் நான்தான் மேடம் சோறு ஆக்கறேன். உல கொதிக்கற வாசனைக்கு வெளிய போய் நின்னுக்கறேன். கஞ்சி வடிக்கறப்ப மட்டும் உள்ள வருவேன்."

நான் முகத்தில் எதையும் காட்டாமல் உட்கார்ந்திருந்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் சேகரின் சந்தேகம்தான் இருந்தது. இத்தனை வருஷப் பழக்கம் அப்படி.

ஒரு லீவு நாளில் சின்ன எடை மிஷினை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போனேன். ரோட்டில் இறங்கி, புளிய மரங்களுக்குள் நடந்து போக வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அடுப்பங்கரையில் உட்கார்ந்து, இரண்டு பேர் தட்டில் விழுவதையும் நிறுத்து நிறுத்து வைத்தேன். பச்சையம்மாவுக்கு அது பெரிய வேடிக்கை. "முட்ட ஓட்டையும் நிறுப்பீங்களா மேடம்?" என்று கேட்டுச் சிரித்தாள். சகுந்தலா சிரிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் தட்டை நீட்டிவிட்டுத் தப்பு செய்தவள்போல நின்றாள்.

சோறு ஒரு பருக்கைகூட அவள் வாய்க்குள் போகவில்லை. அதை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் வறுத்த கடலை டப்பா அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஊதுகுழலை எடுக்கும்போது ஒரு கை, கீரை ஆயும்போது ஒரு கை. எண்ண வேண்டாம் என்று ஃபோனில் சொல்லிவிட்டார்கள் அல்லவா, அவளும் எண்ணவில்லை. முட்டையில் நெய் மிதந்தது. கீரையில் தேங்காய் கீரையளவுக்கே இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். சோறு தின்ற காலத்தில் அவள் சாப்பிட்டிருக்கக்கூடியதைவிட அதிகமாகவே வந்தது.

உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சுலோச்சனா மேடம் சொன்னதுதான் சரி, எண்ணித்தான் ஆக வேண்டும் என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷம் நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வரைகூட நிற்கவில்லை. பச்சையம்மாவின் தட்டையும் கூட்டினேன். ஏறக்குறைய அதே அளவு வந்தது. அவள் கொல்லை வேலை செய்கிறாள், சகுந்தலா பாரம் தூக்கக் கூடாது என்று வீட்டோடு இருக்கிறாள், அந்த வித்தியாசத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்தான். சேர்த்தேன். அப்போதும் பச்சையம்மா இளைத்த வேகத்துக்கு அது போதவில்லை.

சகுந்தலாவுக்குக் கடலையை ஒரு பிடி என்று அளந்து கொடுத்தேன். நெய்யைக் குறைத்தேன். அவள் சொன்னபடி கேட்டாள். கொஞ்சம் இறங்கினாள், மறுபடியும் நின்றாள். "பசி தாங்கல மேடம். தல கிர்ருங்குது. புள்ளைங்க மேல எரிஞ்சு விழறேன்" என்றாள். பசியே எடுக்காது என்றுதான் அந்தச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறார்கள். பச்சையம்மாவுக்குப் பசி எடுக்கவில்லை. இவளுக்கு எடுத்தது.

வேறு வழி தெரியாமல் சுலோச்சனா மேடத்துக்கு ஃபோன் செய்தேன். அவர் ஓய்வு பெற்றுத் திருப்பத்தூரில் மகள் வீட்டில் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணு, சரியாக எண்ணு, எங்கேயோ விட்டிருக்கிறாய் என்று சொல்லுவார், கண்ணாடியைத் துடைப்பார் என்று காத்திருந்தேன்.

"நானே இப்ப சோறு சாப்பிடறதில்லம்மா" என்றார்.

"நீங்களா மேடம்?"

"மகளுதான் ஆரம்பிச்சு வெச்சா. எனக்கும் சக்கர இருக்குல்ல. எண்ணறதெல்லாம் விட்டுட்டேன். பசிச்சா சாப்பிடறேன். நல்லா எளச்சுது. நாம இத்தன வருஷம் எதுக்கு எண்ணுனோம்னு ஒரு நாள் உக்காந்து யோசிச்சேன்."

அவரே தொடர்ந்தார். "இப்ப என்னன்னா, திரும்ப ஏறுது. அதே சாப்பாடுதான். ஏன்னு புரியல. எண்ணிப் பாக்கலாமான்னு இருக்கேன். ஆனா எண்ண பயமா இருக்கு. எண்ணி, அதுலயும் தெரியலன்னா?"

அந்த அம்மாள் வாயிலிருந்து புரியவில்லை என்ற சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை. ஃபோனை வைத்த பிறகு வெகுநேரம் ஓ.பி. ஜன்னல் வழியாகப் பலா மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே அப்படிச் சொன்ன பிறகு எனக்குக் கேட்க வேறு ஆள் கிடையாது.

பலாப்பழக் காலம் முடியும் சமயத்தில் ஒரு காலை, சேகரின் ஜீப் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. உள்ளே சகுந்தலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டிருந்தாள். விடாமல் வாந்தி. தொப்புள் வீக்கம் கல்போல இறுகி, தொடவிடவில்லை. டாக்டர் பார்த்ததுமே, குடல் சிக்கிக்கொண்டது, இங்கே ஒன்றும் செய்ய முடியாது, உடனே திருப்பத்தூர் போங்கள், நான் ஃபோனில் சொல்லிவிடுகிறேன் என்றார். எங்கள் ஆம்புலன்ஸ் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தது. அதே ஜீப்பில்தான் போக வேண்டும். நர்ஸ் ஏறினாள், நானும் ஏறிக்கொண்டேன். அங்கே சும்மா இருக்க முடியவில்லை.

சகுந்தலாவின் தலை பச்சையம்மாவின் மடியில் இருந்தது. கையில் ஊசி குத்தி, நர்ஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்திருந்தாள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் சகுந்தலா முனகினாள். சேகர் வேகமாகவும் போக முடியாமல் மெதுவாகவும் போக முடியாமல் ஓட்டினான்.

இரண்டு வளைவு தாண்டியிருப்போம். பச்சையம்மா அழ ஆரம்பித்தாள்.

"என்னாலதான் மேடம் இவளுக்கு இப்டி ஆச்சு."

"உங்களால ஒண்ணும் ஆகலம்மா. சும்மா இருங்க."

"இல்ல மேடம். இவ பசியில சுருண்டுனு கெடப்பா. பாக்க முடியல. என் தட்டுல இருக்கறதுல பாதிய இவ தட்டுல தள்ளிடுவேன். முட்ட, கறி, கடல, எல்லாம். எனக்குதான் பசிக்கலியே. நீ துன்னு, யாருக்கும் தெரியாதுன்னு இவகிட்ட சொல்வேன். நீங்க தராசு எடுத்துனு வந்த அன்னிக்கு மட்டுந்தான் என்னுத நான் முழுசா துன்னேன். சொன்னா நீங்க இவள திட்டுவீங்கன்னு சொல்லல."

தட்டில் விழுந்ததை நிறுத்தேன். அது எந்த வாய்க்குள் போனது என்பது மற்ற நாட்களில் வேறாக இருந்திருக்கிறது. குடல் சிக்கியதற்கும் சாப்பாட்டைத் தள்ளியதற்கும் சம்பந்தமில்லை, அது எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம் என்று பச்சையம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

சகுந்தலா கண்ணைத் திறக்காமலே, "அக்கா, அழாத. நீ அழுதா மடி ஆடுது, வலிக்குது" என்றாள்.

முன்னால் சேகரின் முதுகு மட்டும் தெரிந்தது. அவன் எல்லாவற்றையும் கேட்டிருந்தான். அடுத்த வளைவில் கியரை மாற்றினான். அது சரியாக விழாமல் கரகரத்தது. அந்த ரோட்டில் பல வருஷமாக ஓட்டுகிறவன் அவன்.

"அப்ப அரிசி?" என்று திரும்பாமலே கேட்டான்.

"எந்த அரிசியும் இவ துன்னல சேகரு" என்றாள் பச்சையம்மா. "டப்பாவுல எறங்குனதுன்னா, புள்ளைங்க வளர்றாங்க, ஜாஸ்தி துன்றாங்க. அத நீ கணக்குல எடுக்கல."

சேகர் ஹாரனை அடித்து அடுத்த வளைவைத் திருப்பினான்.

திருப்பத்தூரில் தயாராக இருந்தார்கள். நேராக உள்ளே எடுத்துப் போனார்கள். எடை எவ்வளவு என்று மயக்க மருந்து கொடுப்பதற்காக ஒருவர் கேட்டார், எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். இளைத்துவிட்டு வா என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல நேரமும் இல்லை. எந்த எடையைக் குறைப்பதற்காக அந்த வீடே இத்தனை மாதம் அல்லாடியதோ, அந்த எடையோடேயே ஆபரேஷன் நடந்தது. குடல் கறுக்கவில்லை, நேரத்தோடு கொண்டுவந்தீர்கள் என்று சர்ஜன் வெளியே வந்து சொன்னார். பச்சையம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சேகர் போய் டீ வாங்கி வந்தான். எல்லாருக்கும் கொடுத்தான், தான் குடிக்கவில்லை.

இனி என் குழப்பத்தின் மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். மலைக்குத் திரும்பியதும் மறுபடியும் கணக்குப் போட்டேன். பச்சையம்மா தட்டில் பாதியைக் கழித்து, அதைச் சகுந்தலா பக்கம் கூட்டினேன். அழகாகச் சரியாக வந்தது. ஒருத்தி ஏன் இளைத்தாள், ஒருத்தி ஏன் ஏறினாள் என்பதற்கு வேறு எந்தக் காரணமும் தேவைப்படவில்லை. கலோரிதான், எண்ணத்தான் வேண்டும், விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

விஷயம் முடியவில்லை. சகுந்தலாவுக்கு முதலில் அரிசிக் கஞ்சி, பிறகு குழைந்த சோறு, பிறகு சாமைச் சோறு என்று டாக்டர்கள் ஒவ்வொன்றாகக் கொடுக்கச் சொன்னார்கள். அவள் சோற்றுக்குத் திரும்பினாள். அளவு எதுவும் நான் எழுதிக் கொடுக்கவில்லை, தையல் ஆறட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் இளைக்க ஆரம்பித்தாள். மாதா மாதம் இளைத்தாள். பச்சையம்மா இப்போது சோறில்லாத தன் தட்டைத் தானே முழுசாகச் சாப்பிட்டாள். என் கணக்குப்படி அவள் ஏற வேண்டும். நான் அங்கே இருந்தவரை அவள் ஏறவில்லை. சர்க்கரையும் ஏறவில்லை. ஒருவேளை சகுந்தலா கடலை டப்பாவை மறந்திருக்கலாம். ஒருவேளை வயிற்றைப் பற்றிய பயத்தில் கம்மியாகச் சாப்பிட்டிருக்கலாம். பச்சையம்மா சொன்னதையும் அவள் தட்டில் பார்த்ததையும் நான் எவ்வளவு நம்பலாம் என்பதும் இப்போது தெரியாது. மறுபடியும் தராசை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை.

ஆகவே கவிதா, உனக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். எண்ணாமல் இளைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எண்ணாமல் ஏறியவர்களையும் பார்த்திருக்கிறேன். மாவுச்சத்தைக் குறைத்ததும் பசி அடங்குகிறவர்களுக்கு எண்ணிக்கை தேவைப்படாமல் போகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பசி அடங்காதவர்களுக்கும், கை டப்பாவுக்குள் போய்க்கொண்டே இருக்கிறவர்களுக்கும், கொஞ்ச நாளில் எடை நின்றுபோகிறவர்களுக்கும் எண்ணிப் பார்ப்பது உதவலாம் என்றும் தோன்றுகிறது. தோன்றுகிறது என்றுதான் எழுதுகிறேன், கவனி. எதிரில் உட்கார்ந்திருப்பவள் இரண்டில் எவள் என்று முதல் நாளே சொல்லிவிட எனக்கு ஒரு வழியும் கிடைக்கவில்லை. சுவரில் ஒட்ட இது உதவாது என்பதும் எனக்குத் தெரியும்.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் சொல்லிக்கொண்டு வரலாம் என்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். மத்தியான நேரம். பச்சையம்மா கொல்லைக்குப் போயிருந்தாள். சகுந்தலா அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தாள். தையல் நன்றாக ஆறிவிட்டது என்று காட்டினாள். சேகர் என்னைப் பார்த்ததும் எழுந்து, "குந்துங்க மேடம்" என்று பாயை விரித்தான். பிறகு அவனே உள்ளே போய், ஒரு தட்டில் சாமைச் சோறு போட்டு, கீரைக் குழம்பு ஊற்றி, எடுத்துக்கொண்டு வந்து மனைவி எதிரில் வைத்தான். அந்த வீட்டில் ஆம்பிளை சோறு போட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வைத்துவிட்டு அங்கேயே நின்றான்.

சகுந்தலா தட்டைப் பார்த்தாள். கையை நனைத்தாள். சோற்றைத் தொடவில்லை. குழம்பிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

"துன்னு" என்றான்.

"துன்றேன்."

"ஆறிடப் போவுது. துன்னு சகுந்தலா."

அவள் விரல் தட்டின் ஓரத்திலேயே இருந்தது. அவன் முகத்தைப் பார்க்காமல், மெதுவாக, "நீ அந்தாண்ட போ. நீ பாத்துனு இருந்தா எனக்கு எறங்க மாட்டேங்குது" என்றாள்.

சேகர் என்னைப் பார்த்தான். வெளியே போய் ஜீப் பக்கம் வாசல் கல்லில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

அப்போதும் அவள் கை எழவில்லை. ஏன் என்று எனக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் நானும் பாயை விட்டு எழுந்து, கதவைத் தாண்டி வெளியே போய், அவனுக்குப் பக்கத்தில் கொல்லையைப் பார்த்து நின்றுகொண்டேன்.

உள்ளே தட்டு லேசாகத் தரையில் உரசும் சத்தம் கேட்டது.